வேலியோரக் கனி

நீலகிரி மலைப்பாதைகளின் ஓரத்திலும், தேயிலைத் தோட்டங்களின் வேலி அருகிலும், ஓடைக்கரைகளிலும் ஒரு முட்புதரைக் காணலாம். அதன் தண்டுகள் ஓர் ஆளின் உயரத்திற்கு மேல் எழுந்து, பின்னர் வில்லைப்போல் வளைந்து மண்ணை நோக்கித் தாழ்ந்திருக்கும். தண்டின்மேல் திருநீறு பூசியதுபோன்ற வெண்மை படர்ந்திருக்கும்; விரலால் தேய்த்தால் அவ்வெண்மை அகன்று, அடியில் செம்மை தோன்றும். இலைகளும் அவ்வாறே, மேற்புறம் பசுமை, அடிப்புறம் வெண்மை. முட்களோ கொக்கிபோல் வளைந்தவை. புதருக்குள் கையை நுழைப்பது எளிது. வெளியே எடுப்பதுதான் அரிது. ஆகையால், அவ்வழியே செல்வோர் பலரும் இப்புதரைக் களையென்றே கருதி ஒதுங்கிச் செல்வர். கோடைக்காலத்தில் மட்டும் பள்ளிச் சிறுவர் ஒதுங்குவதில்லை. அவர்தம் உதடுகளும் விரல்களும் சட்டைப் பைகளும் கருஞ்சிவப்பாக மாறியிருக்கும். புதர் பழுத்துவிட்டது என்பதை ஊரார் அதைக் கொண்டே அறிவர்.

எங்கள் பகுதியில் முள்ளுப்பழம் என்னும் ஒரே பெயர், முட்புதரில் பழுக்கும் பல பழங்களுக்கும் வழங்குகின்றது. மஞ்சளாய்ப் பழுப்பதும் முள்ளுப்பழமே. கறுப்பாய்ப் பழுப்பதும் முள்ளுப்பழமே. நான் கூறவந்தது கறுப்புப் பழத்தைப் பற்றி. உலகின் பிற பகுதிகளில் இதனை மைசூர் ராஸ்பெரி என்று அழைக்கின்றனர். தாவர நூலார் இதற்கு இட்ட பெயர் ரூபஸ் நிவியஸ் என்பது. நிவியஸ் என்னும் இலத்தீன் சொல் பனிபோல் வெண்மையானது எனப் பொருள்படும். கறுத்த பழத்தைத் தரும் செடிக்கு வெண்பனியின் பெயரா என நகைக்கத் தோன்றும். பெயரிட்டவர் பழத்தைப் பார்த்துப் பெயரிடவில்லை. தண்டிலும் இலையிலும் படர்ந்த வெண்மையைப் பார்த்தே பெயரிட்டார் போலும்.

இச்செடி ரோஜாவின் குடும்பத்தைச் சேர்ந்தது. குன்னூர்ச் சந்தையில் குவியும் பேரிக்காயும், பிளம்ஸும், பீச்சும் அக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. ஆயினும் இதன் பழத்தின் அமைப்பு தனித்தன்மை உடையது. நாம் ஒரு பழம் என்று எண்ணி வாயில் இடுவது உண்மையில் ஒரு பழம் அன்று; பல சிறு பழங்களின் கூட்டம். அதன்மேல் காணும் ஒவ்வொரு மணியும் ஒரு தனிப் பழம். மாம்பழத்தில் மெல்லிய தோலும், சாறுள்ள சதையும், நடுவே கொட்டையும் இருப்பது போலவே, அம்மணி ஒவ்வொன்றிலும் தோலும் சதையும் கொட்டையும் உண்டு. அளவில் மட்டுமே வேறுபாடு. பல குட்டி மாம்பழங்கள் ஒன்றையொன்று அணைத்துக்கொண்டு ஒரு தொப்பியைப்போல் நிற்கின்றன என்று கொள்ளலாம்.

தொப்பி என்று கூறியதற்குக் காரணம் உண்டு. பழுத்த ராஸ்பெரியைப் பறித்தால், அது தன் நடுத்தண்டைச் செடியிலேயே விட்டுவிட்டு, உள்ளே வெற்றிடத்துடன் கையில் வந்துசேரும். பிளாக்பெரி என்னும் பழமோ நடுத்தண்டுடன் சேர்ந்தே வரும். இரண்டும் கறுப்பாய் இருப்பதால் மயங்குவோர் பலர். நிறத்தைப் பார்க்க வேண்டா. பழத்தைக் கவிழ்த்து அதன் உட்புறத்தைப் பார்த்தால் போதும்.

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் மற்றொரு கறுப்பு ராஸ்பெரி இயல்பாக வளர்கின்றது. அது நம்முடையதற்கு உறவினமே அன்றி ஒரே இனம் அன்று. ஆரிகன் மாநிலத்தின் வில்லாமெட் பள்ளத்தாக்கில் அதனைப் பெரும்பரப்பில் பயிரிடுகின்றனர். ஆயினும் அங்கும் விளைச்சலின் பெரும்பகுதி உறையவைத்தோ, கூழாகவோ, சாறாகவோதான் செல்கின்றது. பறித்த பழமாகச் செல்வது குறைவு. இதற்குக் காரணம் அப்பழத்தின் மென்மை. நம் மலைப்பழமும் அத்தகையதே. உள்ளே வெற்றிடம், சுற்றிலும் மெல்லிய தோல். காலையில் பறித்த பழம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தால் மாலைக்குள் நசுங்கும். மறுநாள் பூஞ்சை பற்றும். ஆரஞ்சைப் பெட்டியில் அடைத்து ஆயிரம் கல் அனுப்பலாம். வாழைத்தாரை வண்டியில் ஏற்றலாம். இதனை அடுத்த ஊருக்குக் கொண்டுசெல்வதே அரிய செயல். குன்னூரில் 1874ஆம் ஆண்டு தொடங்கிய சிம்ஸ் பூங்காவில் ஆண்டுதோறும் மே மாதத்தில் பழக்கண்காட்சி நடைபெறும். மலைபோல் அடுக்கிய பழங்களை அங்கே காணலாம். அவ்வாறு அடுக்கும் உறுதி இப்பழத்திற்கு இல்லை. இதனைச் சுவைக்க விரும்புவோர்க்கு உள்ள வழிகள் இரண்டே. ஒன்று, புதர் இருக்கும் இடத்திற்குத் தாம் செல்லவேண்டும். மற்றொன்று, தம் வீட்டிலேயே வளர்க்கவேண்டும்.

என் அன்னையார் முதல்வழியில் வளர்ந்தவர். அவருடைய தந்தையார் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கராய் இருந்தார். அன்னையாரும் அவருடைய தங்கையும் நாள்தோறும் மூன்று கல் தொலைவு நடந்து பள்ளிக்குச் செல்வர். வழியெங்கும் இப்புதர்கள். தங்கை குள்ளமாதலால் தாழ்ந்த கிளைகளில் உள்ளவை அவளுக்கு. உயர்ந்த கிளைகளில் உள்ளவை அக்காளுக்கு. இஃது அவர்களுக்குள் இருந்த உடன்படிக்கை. மழைக்காலத்துக் குளிரையும், அட்டைக்கடியையும், ஆசிரியரின் பிரம்பையும் அவர் மறந்துவிட்டார். இந்த உடன்படிக்கையை மறக்கவில்லை.

2016ஆம் ஆண்டு ஆடி மாதம் அவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியிருந்தார். அப்போது அவருக்கு எண்பத்து நான்கு வயது. வாயிலிலிருந்து திண்ணைவரை நடப்பதே பெரிய பயணமாயிற்று. ஒருநாள் மாலை, “அந்தப் பழைய பாதையில் முள்ளுப்பழச் செடி இன்னும் இருக்கிறதா, அப்பா?” என்று கேட்டார். நான் மறுநாள் சென்று பார்த்தேன். பாதை அகன்றிருந்தது. சரிவு இருந்த இடத்தில் உயர்ந்த தடுப்புச்சுவர் நின்றது. செடி ஒன்றும் இல்லை. மலைச்சரிவு இடிந்து விழாமல் காக்கச் சுவர் தேவைதான். அதனைக் குறைகூற நான் முன்வரவில்லை. ஆயினும் வீட்டிற்குத் திரும்பி, “இல்லை, அம்மா” என்று கூறும்போது என் குரல் தாழ்ந்தது. அவர், “சரி, போகட்டும்” என்றார். அவ்வளவுதான். அன்றே, இச்செடியை வீட்டில் வளர்ப்பது என முடிவு செய்தேன்.

இதனை விதையிட்டு வளர்க்க வேண்டுவதில்லை. செடியே ஒரு வழியைக் காட்டுகின்றது. வளைந்த தண்டின் நுனி மண்ணைத் தொட்டால், அவ்விடத்தில் வேர்விட்டுப் புதிய செடியாகிவிடும். தாய்ச்செடி ஓர் அடி எடுத்து வைத்து நடப்பது போன்றது இச்செயல். கோத்தகிரிச் சாலையில் என் நண்பர் ஒருவருடைய தோட்டத்து வேலியில் நல்ல புதர் ஒன்று இருந்தது. ஆவணி மாதத்தில் அங்கே நான்கு தொட்டிகளை மண்ணிட்டு வைத்து, நான்கு தண்டுகளின் நுனிகளை அவற்றுள் நான்கு விரல் ஆழத்திற்குப் புதைத்து, மேலே கல் வைத்தேன். கார்த்திகையில் மெல்ல இழுத்துப் பார்த்தபோது நுனிகள் வர மறுத்தன. வேர் பிடித்துவிட்டது. தாய்த்தண்டிலிருந்து அறுத்து, நான்கையும் வீட்டிற்குக் கொண்டுவந்தேன்.

நடுவதற்குரிய இடத்தைத் தேர்வதில்தான் கவனம் வேண்டும். எங்கள் வீட்டின் பின்புறத்தில் உருளைக்கிழங்கு போட்டிருந்த பாத்தி ஒன்று உழைத்த மண்ணாய், நடுவதற்கு ஆயத்தமாய் இருந்தது. அங்கே நடவில்லை. உருளைக்கிழங்கு, தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகியவற்றைத் தாக்கும் வாடல்நோய்ப் பூஞ்சை ஒன்று மண்ணிலேயே பல ஆண்டுகள் தங்கியிருக்கும். ராஸ்பெரியையும் அது விடாது. தண்ணீர் தேங்கும் பள்ளமும் ஆகாது. இரண்டு பருவமழையும் பெய்யும் எங்கள் ஊரில் தேங்கிய நீர் வேரை அழுகச்செய்யும். ஆகவே, கிழக்கு வெயில் படும் மேட்டுப்பகுதியில், திண்ணையில் அமர்ந்தால் கண்ணுக்குத் தெரியும் இடமாகப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஐந்தடி இடைவெளி விட்டு நட்டேன். மக்கிய சாணமும் இலைமக்கும் இட்டேன். அடியில் காய்ந்த இலைகளை மூடாக்காகப் பரப்பினேன்.

அடுத்த வீட்டுப் பெரியவர் வேலிக்கு அப்பாலிருந்து இதனைப் பார்த்துக்கொண்டிருந்தார். “முட்செடியை வீட்டில் வைக்கலாகாது, தம்பி. குடும்பத்திற்கு ஆகாது” என்றார். அவர் அன்பினால் கூறியதே அது. நான் விடைகூறுமுன் திண்ணையிலிருந்து அன்னையாரின் குரல் வந்தது. “உங்கள் வாயிலில் வரிசையாக ரோஜா வைத்திருக்கிறீர்களே, அண்ணா, அதில் முள் இல்லையா?” பெரியவர் சிரித்துவிட்டார். இரண்டும் ஒரே குடும்பம் என்பதை அன்னையார் எந்த நூலிலும் படித்ததில்லை.

நட்டவுடன் பழம் கிடைத்துவிடும் என எதிர்பார்ப்போர் இச்செடியின் இயல்பை அறிதல் வேண்டும். இதன் வேர் பல்லாண்டு வாழ்வது. தண்டோ ஈராண்டு மட்டும் வாழ்வது. முதலாண்டில் தண்டு மண்ணைப் பிளந்து எழும், நீளும், இலைகளை விரிக்கும், அவ்வளவே. இரண்டாம் ஆண்டில் அதே தண்டு பக்கக்கிளை விட்டு, இளஞ்சிவப்புப் பூக்களைத் தாங்கிப் பழுக்கும். பழுத்தபின் காய்ந்துவிடும். அதற்குள் வேரிலிருந்து அடுத்த ஆண்டிற்குரிய புதுத்தண்டுகள் எழுந்திருக்கும். ஆகவே, ஒரு நல்ல புதரில் எப்போதும் இருதலைமுறைகள் ஒருங்கே நிற்கும்.

இதனை அறிந்திருந்தமையால்தான் என் மனம் அமைதியின்றி இருந்தது. 2017ஆம் ஆண்டுக் கோடையில் எங்கள் செடியில் பூ இல்லை, இருக்கவும் இயலாது. புதுத்தண்டுகள் மட்டும் கொழுகொழுவென எழுந்தன. இடுப்புயரம் வந்ததும் அவற்றின் நுனிகளைக் கிள்ளிவிட்டேன். நுனியைக் கிள்ளினால் தண்டு நீள்வதை விட்டுப் பக்கக்கிளைகளை விடும். கிளை மிகுந்தால் பழமும் மிகும். “வளரும் பயிரின் தலையைக் கிள்ளுகிறாயே” என்று அன்னையார் கடிந்துகொண்டார். அந்த ஆண்டு மழைக்காலத்தில் அவருக்கு இருமுறை நுரையீரலில் சளி கட்டியது. இரவில் அவருடைய இருமலைக் கேட்கும்போதெல்லாம், இன்னும் எத்தனை மாதம் உள்ளது எனச் சித்திரை வரை விரல்விட்டு எண்ணுவேன். செடிக்கு உரமிட்டு விரைவுபடுத்தலாமா எனவும் தோன்றியது. அளவுக்கு மேல் உரமிட்டால் இலைதான் பெருகும். ஈராண்டுக் கணக்கு ஓராண்டாகச் சுருங்காது. காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. வேலை இருந்தால் காத்திருப்பது எளிது. இல்லாதபோது அது கடினம். நடுவே ஒருநாள் இரவு காட்டெருமை ஒன்று தோட்டத்தில் புகுந்து, பீன்ஸ் பந்தலை மிதித்துத் துவைத்துவிட்டது. விளக்கை எடுத்துக்கொண்டு நான் முதலில் ஓடியது பந்தலைப் பார்க்க அன்று. நல்வேளையாக, முட்புதரின் பக்கம் அது செல்லவில்லை.

2018ஆம் ஆண்டு பங்குனியில் பூக்கள் தோன்றின. தேனீக்கள் நாள்முழுதும் மொய்த்தன. பின்னர்ச் சாம்பல்நிற மென்மயிர் போர்த்த பச்சைக்காய்கள் தோன்றிச் சிவந்தன. இங்குத்தான் பலர் ஏமாறுவர். சிவந்த பழம் பழுத்த பழம் அன்று, அது புளிக்கும், இழுத்தாலும் எளிதில் வாராது. சிவப்பு கருஞ்சிவப்பாகி, கருஞ்சிவப்பு முழுக்கறுப்பாகி, விரல் பட்டதும் தானே கழன்று வரவேண்டும். பழுத்த பழத்தைப் பறிப்பதில்லை. ஏந்துகிறோம் என்றே கூறவேண்டும். காலையில் பனிநீர் உலர்ந்தபின், அகன்ற தட்டில் ஒற்றை அடுக்காகச் சேர்த்தல் நன்று. உண்ணும்வரை கழுவாதிருத்தல் வேண்டும். ஈரம் பட்டால் விரைவில் கெடும்.

சித்திரை மூன்றாம் வாரத்தில் முதல் பழங்கள் பதினொன்று கிடைத்தன. வாழையிலைத் துண்டு ஒன்றில் வைத்து அன்னையாரிடம் கொடுத்தேன். அவர் உடனே உண்ணவில்லை. ஒன்றை எடுத்துச் சுண்டுவிரலின் நுனியில் தொப்பிபோல் மாட்டிக்கொண்டார். பின் ஒவ்வொரு விரலிலும் ஒவ்வொன்றாக மாட்டி, இருகைகளையும் விரித்துப் பார்த்துச் சிரித்தார். விரல்கள் பத்தும் நிறைந்து ஒரு பழம் மிஞ்சியது. அதனை என்னிடம் நீட்டினார். விரல்தொப்பிகளை ஒவ்வொன்றாக வாயால் கவ்வி உண்டபின், “கொஞ்சம் புளிப்பு குறைவு” என்றார். பழத்தின் மீது குறைகூறும் உரிமை அவருக்கு இருந்தது. எழுபது ஆண்டுகளுக்கு மேல் அச்சுவையை நினைவில் வைத்திருந்தவர் அல்லரோ!

அவ்வாண்டு ஏறத்தாழ ஆறு வாரம் பழம் கிடைத்தது. எங்களுக்கு மட்டும் அன்று, கொண்டைக்குருவிகளுக்கும். பொழுது புலருமுன் அவை வந்து, மிகப்பழுத்தவற்றையே தேர்ந்து உண்ணும். வலைகட்டுமாறு சிலர் அறிவுரை கூறினர். தளர்ந்த வலையில் குருவியின் கால் சிக்கும். சிக்கிய குருவி துடித்தே மாயும். இறுக்கமாகச் சட்டமிட்டுக் கட்டினால் அத்தீங்கு இல்லை. இரண்டு செடிகளுக்கு மட்டும் அவ்வாறு கட்டி, மற்ற இரண்டைக் குருவிகளுக்கே விட்டுவிட்டேன். இந்தப் பங்கீடு அக்காள் தங்கை உடன்படிக்கையைப் போன்றது என்று அன்னையார் ஒப்புக்கொண்டார்.

பருவம் முடிந்ததும், பழுத்து ஓய்ந்த தண்டுகளை அடியோடு வெட்டக் கத்தரியுடன் சென்றேன். இவ்வேலையைச் செய்யாவிடில், காய்ந்த தண்டும் புதுத்தண்டும் பின்னிக்கொண்டு, காற்றும் வெயிலும் புகாத முட்காடாகிவிடும்; நோயும் பூச்சியும் குடிபுகும். திண்ணையிலிருந்து அன்னையார், “பழம் கொடுத்த கிளையையா வெட்டுகிறாய்?” என்றார். தண்டின் வாழ்நாள் கணக்கை நான் அவருக்கு எடுத்துரைத்தேன். அவர் அடியில் எழுந்து நின்ற புதுத்தண்டுகளைச் சிறிதுநேரம் உற்றுப் பார்த்தார். “சரி, வெட்டு. ஆனால் இன்று வேண்டா. கடைசிப் பழத்தைக் குருவி தின்றுவிட்டுப் போகட்டும், அதற்குப் பிறகு வெட்டு” என்றார். அன்றுமுதல் இன்றுவரை ஆடி பிறந்தபின்னரே வெட்டுகின்றேன்.

2019ஆம் ஆண்டிலும் அவர் பழம் உண்டார். 2020ஆம் ஆண்டு தை மாதத்தில் மறைந்தார்.

அச்செய்தி கேட்டுத் தொலைபேசியில் அழுதவர்களுள் என் சிற்றன்னையும் ஒருவர். தாழ்ந்த கிளைக்குரிய அத்தங்கைதான் அவர். பல ஆண்டுகளாக நியூசிலாந்தில் தம் மகனுடன் வாழ்ந்துவந்தார். சில வாரங்கள் கழித்து அவர் மகன் எனக்கு எழுதினான். வீட்டில் முள்ளுப்பழம் வளர்ப்பதாகப் பெரியம்மா கூறியிருந்ததாகவும், அம்மா அதையே பேசிக்கொண்டிருப்பதாகவும், ஓர் உறையில் கொஞ்சம் விதை வைத்து அனுப்புமாறும் கேட்டிருந்தான். கடுகினும் சிறிய விதைகள். தாளில் மடித்தால் தெரியக்கூடத் தெரியாது. நான் அனுப்பவில்லை.

அதற்குரிய காரணத்தைச் சிறிது விரித்துக் கூறவேண்டும். பசிபிக் பெருங்கடலில், ஈக்குவடார் நாட்டிற்கு மேற்கே, ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில் கலாபகசுத் தீவுகள் உள்ளன. 1835ஆம் ஆண்டில் சார்லசு டார்வின் கால்வைத்தமையால் புகழ்பெற்றவை அத்தீவுகள். உலகில் வேறெங்கும் காணவியலாத உயிர்கள் பல அங்கு உண்டு. சூரியகாந்தியின் குடும்பத்தைச் சேர்ந்த செடிகள் அங்கே மரங்களாக வளர்ந்து காடாகவே நிற்கின்றன. ஸ்கலீசியா என்பது அம்மரத்தின் பெயர். 1980களின் தொடக்கத்தில், பழத்திற்காக, நம்முடைய இதே கறுப்பு ராஸ்பெரியைச் சான் கிறிஸ்டோபல் என்னும் தீவுக்கு யாரோ கொண்டுசென்றனர். தீய எண்ணம் இருந்திராது. வீட்டுத்தோட்டத்தில் நாலு பழம் கிடைக்கட்டும் என்பதே நோக்கமாக இருந்திருக்கும். பறவைகள் பழத்தைத் தின்றன. விதைகள் மலைப்பகுதியெங்கும் பரவின. பிற தீவுகளுக்கும் சென்றன. இன்று அங்கே ஆள் உயரத்தைக் கடந்த முட்காடுகள் நிற்கின்றன. அவற்றின் நிழலில் ஸ்கலீசியாக் கன்றுகள் முளைத்து எழ முடிவதில்லை. வெட்டினாலும் தீர்வதில்லை, மண்ணுக்குள் உறங்கும் எண்ணற்ற விதைகள், வெட்டிய இடத்தில் வெயில் பட்டதும் முளைக்கின்றன. ஹவாய்த் தீவுகளிலும் இச்செடியைத் தீங்கு தரும் களைகளின் பட்டியலில் சேர்த்திருக்கின்றனர்.

நம் மலையில் இது பன்னெடுங்காலமாக வாழ்கின்றது. இதனை உண்ணும் பூச்சியும், இதனோடு போட்டியிடும் செடியும், இதனைத் தாக்கும் பூஞ்சையும் இங்கு உடன் வாழ்கின்றன. பிற நாட்டிலிருந்து நம் மலைக்கு வந்தவற்றின் கதையோ வேறு. உண்ணிச்செடியும் சீகை மரங்களும் நீலகிரியில் எவ்வளவு பரவியுள்ளன என்பதை நீங்கள் நேரில் காணலாம். அவற்றையும் அழகுக்கென்றும் விறகுக்கென்றும் நல்ல எண்ணத்துடன் கொண்டுவந்தவர்கள்தாம். நியூசிலாந்தும் அவ்வாறு துன்புற்ற நாடே. ஐரோப்பியர் கொண்டுசென்ற பிளாக்பெரி அங்கே மேய்ச்சல் நிலங்களில் பெருங்களையாயிற்று. ஆதலால் இசைவின்றி விதை கொண்டுவருவதை அந்நாட்டுச் சட்டம் தடுக்கின்றது.

இவற்றையெல்லாம் எழுதி என் தம்பிக்கு அனுப்பினேன். அவனுக்கு வருத்தமே. “ஓர் உறை விதையினால் ஒரு நாடு கெட்டுவிடுமா?” என்று ஒரே வரியில் விடை எழுதினான். எண்பத்திரண்டு வயதுச் சிற்றன்னைக்கு ஒரு பிடி பழம் கிடைக்கவிடாமல் செய்தேனே என்ற எண்ணம் என்னையும் உறுத்தாமல் இல்லை. ஆயினும் இன்று கேட்டாலும் விதை அனுப்பமாட்டேன். பெருந்தொற்றுக் காலம் தொடங்கிப் போக்குவரத்து நின்றது. தம்பியின் கடிதமும் நின்றது.

2023ஆம் ஆண்டு மே மாதத்தில் அவன் தன் அன்னையை அழைத்துக்கொண்டு வந்தான். வானூர்தியில் பதினைந்து மணி நேரத்திற்கு மேல் அமர்ந்து, கோவையிலிருந்து மலைப்பாதை வளைவுகளில் தலைசுற்றி வந்து சேர்ந்த சிற்றன்னை, காப்பியைக்கூடக் குடிக்காமல், “செடி எங்கே?” என்றார். வலைச்சட்டத்தை எடுத்துவிட்டு, புதரின் அருகில் நாற்காலியைப் போட்டேன். அமர்ந்தபடியே தாழ்ந்த கிளைகளில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி உண்டார். தம்பி உயர்ந்த கிளைகளில் பறித்து அவர் மடியில் இட வந்தான். அவர் கையால் தடுத்தார். “அது அக்காளுடையது. குருவிக்கு விடு” என்றார்.